யாழ்ப்பாணத்தில் நிதியியல் விரிவுரையாளராவது: படிப்பித்தல், ஆய்வு, ஊரோடு சேர்ந்த வேலை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிதி முகாமைத்துவத்தில் பட்டம் முடித்துவிட்டு விரிவுரையாளராக வர நினைப்பவர்கள், அண்மையில் தகுதிகாண் நியமனம் பெற்றவர்கள், வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ இருந்துகொண்டு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வேலை செய்யலாமா என்று யோசிப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதியிருக்கிறோம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம். சிலவற்றுக்கு விடை இரண்டு வரிதான், சிலவற்றை விரித்துச் சொல்லவேண்டி இருக்கிறது.

நிதியியலும் கணக்கியலும் ஒன்றுதானே?

இல்லை. நடந்த கொடுக்கல் வாங்கலைப் பதிந்து, தொகுத்து, அறிக்கையாக்குவது கணக்கியல். இனி வரப்போகும் காசுக்கு இன்று என்ன பெறுமதி, அதில் எவ்வளவு ஆபத்து, அதற்கு யாருடைய காசைப் பயன்படுத்துவது என்று கேட்பது நிதியியல். உயர்தரத்தில் வணிகப் பிரிவில் கணக்கியல் படித்து வருகிற பிள்ளைக்கு ஐந்தொகை கைவந்திருக்கும். ஆனால் காசுப் பாய்ச்சலையும் இலாபத்தையும் பிரித்துப் பார்க்க முதலாம் வருடம் முழுக்கத் திணறும். இது பிள்ளையின் குறையல்ல. இரண்டும் வேறு பழக்கங்கள்.

விரிவுரையாளராக வர என்ன தகைமை வேண்டும்?

அரச பல்கலைக்கழகம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் ஆட்சேர்ப்புத் திட்டம்தான் அளவுகோல். நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தில் முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேல்நிலை பெற்றவர்களே வழக்கமாகத் தகுதிகாண் விரிவுரையாளராக எடுக்கப்படுகிறார்கள். அதற்கு முன் பலர் தற்காலிக உதவி விரிவுரையாளராக ஓரிரு வருடம் இருப்பார்கள். ஒப்படை திருத்துவது, பயிற்சி வகுப்பு எடுப்பது, பரீட்சை மண்டபத்தில் நிற்பது எல்லாம் அந்தக் காலத்தில் அவர்கள் தலையில்தான் விழும். களைப்பான வேலை என்றாலும், இந்தத் தொழில் தனக்கு ஒத்துவருமா என்று அறிய அதைவிட நல்ல இடம் இல்லை.

தகுதிகாண் காலம் முதலில் 3 வருடம். நீட்டிப்புகளோடு 8 வருடம் வரை போகலாம். அதற்குள் உரிய பட்டப்பின் பட்டத்தை எடுத்து நியமனத்தை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். எட்டு வருடம் நீளமாகத் தெரியும். பாடப்பொறுப்பு, பரீட்சை, பீட வேலைகள் என்று முதல் மூன்று வருடம் ஓடிவிட்டால், கலாநிதிப் பட்டத்துக்கு மிஞ்சுவது ஐந்துதான். ஆகவே முதல் வருடமே விண்ணப்ப வேலையைத் தொடங்குங்கள்.

பட்டயக் கணக்காளர், சீமா (முகாமைத்துவக் கணக்கியல்), சி.எஃப்.ஏ. (முதலீட்டுப் பகுப்பாய்வு) போன்ற தொழிற்றகைமை முடித்திருந்தால் போதாதா?

தொழிற்றகைமை வகுப்புக்கு வலு சேர்க்கும். கம்பனி ஒன்றின் உள்ளே முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று தெரிந்தவர் படிப்பிக்கும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் அது ஆய்வுப் பட்டத்தின் இடத்தை நிரப்பாது. பதவி உயர்வில் கேட்கப்படுவது ஆய்வு. இரண்டையும் ஒரே காலத்தில் முடிக்கப் பார்த்து இரண்டையும் அரைகுறையாக விட்டவர்கள் பலர். எதை முன்னே வைப்பது என்று கேட்டால், பல்கலைக்கழகத்தில் நிலைக்க நினைப்பவருக்குக் கலாநிதிப் பட்டம்தான் முதல்.

கலாநிதிப் பட்டத்தை உள்நாட்டில் செய்வதா, வெளிநாட்டிலா?

மேற்பார்வையாளரைப் பார்த்து முடிவெடுங்கள், நாட்டைப் பார்த்தல்ல. அவருடைய கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளை வாசியுங்கள். நீங்கள் செய்ய நினைக்கும் முறையை அவர் தன் கையால் செய்திருக்கிறாரா? அவரிடம் படித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முதுதத்துவமாணி (எம்.பில்.) 11 ஆம் மட்டம், கலாநிதி 12 ஆம் மட்டம். கலாநிதிக்கு முழுநேரமாகக் குறைந்தது 3 வருடம். கொழும்பிலோ ஸ்ரீ ஜயவர்தனபுரவிலோ பகுதிநேரமாகப் பதிந்துகொண்டு யாழ்ப்பாணத்தில் முழுநேரம் படிப்பிப்பவருக்கு ஒவ்வொரு சந்திப்புக்கும் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் பயணம். அந்த வழியில் போகிறவர்கள் மாதத்தில் இரண்டு நாளை ஆய்வுக்கென்று எழுதிப் பூட்டிவைத்தால்தான் முடிக்கிறார்கள்.

கற்கை விடுமுறையில் வெளிநாடு போனால் பிணை முறி ஒப்பமிட வேண்டும். முடித்துத் திரும்பி, குறித்த காலம் சேவை செய்ய வேண்டும். திரும்பாவிட்டால் காசு உங்கள் தலையில் மட்டுமல்ல, பிணை நின்றவர்களின் தலையிலும் விழும். பெரும்பாலும் பிணை நிற்பது கூட வேலை செய்யும் நண்பர்தான். ஒப்பம் வாங்குவதற்கு முன் முறியின் முழுத் தொகையையும் அவருக்கு வாசித்துக் காட்டுவது உங்கள் கடமை.

ஒரு அரையாண்டில் உண்மையில் எவ்வளவு வேலை?

மூன்று திறமைப்புள்ளிப் பாடம் ஒன்றுக்கு 45 மணி நேர விரிவுரை. மாணவர் பக்கம் ஒரு புள்ளிக்கு 50 மணி நேரம் என்ற கணக்கில் மொத்தம் 150 மணி நேரக் கற்றல். புதிய பாடம் என்றால் ஒரு மணி விரிவுரைக்கு மூன்று, நான்கு மணி ஆயத்தம் வேண்டும். திருத்தும் வேலையைத்தான் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 120 விடைத்தாளுக்குத் தாள் ஒன்றுக்கு 25 நிமிடம் என்றாலே 50 மணி நேரம். அதற்குப் பிறகு இரண்டாம் பரீட்சகர், புள்ளி ஒப்பீடு, பரீட்சைச் சபை.

நேரத்தை மிச்சப்படுத்த ஒரு வழி உண்டு. வினாத்தாள் எழுதும் அன்றே புள்ளித்திட்டத்தையும் எழுதுங்கள். கணக்கு வினாவில் முதற்படி பிழைத்து மிச்சம் சரியாகச் செய்திருந்தால் எத்தனை புள்ளி என்பதை அப்போதே தீர்மானித்துவிட வேண்டும். திருத்தத் தொடங்கிய பிறகு தீர்மானித்தால், முதல் இருபது தாளும் கடைசி இருபது தாளும் இரண்டு அளவுகோலில் திருத்தப்பட்டிருக்கும். இரண்டாம் பரீட்சகர் அதைப் பிடித்துவிடுவார், நீங்கள் எல்லாவற்றையும் மறுபடி எடுக்கவேண்டி வரும்.

உயர்தரம்வரை தமிழில் படித்த பிள்ளைகளுக்கு நிதியியலை ஆங்கிலத்தில் எப்படிப் படிப்பிப்பது?

கருத்தைத் தமிழில் பிடிக்கவிட்டு, சொல்லை ஆங்கிலத்தில் கொடுங்கள். தேறிய தற்போதைய பெறுமதி, தொழிற்படு மூலதனம், பங்கிலாபம், தொகுதிக்கடன், உரிமையாண்மை ஆகியவற்றை அவர்கள் தமிழில் அறிந்தே வருகிறார்கள். அரையாண்டு தொடங்கும்போது ஒரு பக்கத்தில் நாற்பது சொல்லை இரு மொழியிலும் கொடுத்தால் முதல் மாதக் குழப்பத்தில் பாதி போய்விடும்.

ஒரு சொல்லில் மட்டும் கவனம். மத்திய வங்கி வெளியீடுகளில் திறைசேரி உண்டியல் என்றால் அரசாங்கம் ஒரு வருடத்துக்குள் திருப்பிக் கொடுக்கும் கடன் பத்திரம். யாழ்ப்பாணத்து வீடுகளில் உண்டியல் என்றால் வெளிநாட்டிலிருந்து வங்கிக்கு வெளியே வரும் காசு. கோவில் உண்டியல் வேறு. முதல் நாளே பிரித்துச் சொல்லாவிட்டால் விடைத்தாளில் மூன்றும் கலந்து வரும்.

ஊர் உதாரணம் ஒன்று கொடுங்கள் என்கிறார்கள். எதை எடுப்பது?

கடன் அட்டையை எடுங்கள். கடன் அட்டை என்றால் வங்கி அட்டையல்ல, நுண்நிதிக் கம்பனிகள் வீட்டுக்குக் கொடுக்கும் தவணை அட்டை. பல மாணவர்களின் வீட்டு அலுமாரியில் அது ஒன்று இருக்கும்.

கணக்கு இது. ஒரு இலட்சம் ரூபா கடன், வருடத்துக்கு 20% என்று சொல்லப்படுகிறது. பன்னிரண்டு மாதத் தவணை. வட்டி முதலில் எடுத்த முழுத் தொகைக்கும் போடப்படுவதால் வட்டி 20,000 ரூபா. மொத்தம் 120,000. மாதம் 10,000. இப்போது கேளுங்கள்: உண்மையான வட்டி வீதம் என்ன? வகுப்பில் முக்கால்வாசிப்பேர் 20% என்பார்கள்.

ஆனால் கடனாளி முதல் மாதமே எடுத்த தொகையில் ஒரு பங்கைத் திருப்பத் தொடங்குகிறார். ஆறாம் மாதம் முடியும்போது அவர் கையில் ஒரு இலட்சம் இல்லை, வட்டியோ இன்னும் ஒரு இலட்சத்துக்கே போகிறது. எக்செலில் ரேட் என்ற சார்பில் தவணை எண்ணிக்கை 12, தவணை கழித்தல் 10,000, பெற்ற தொகை 100,000 என்று கொடுத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 2.92% வரும். பன்னிரண்டால் பெருக்கினால் 35%. வட்டிக்கு வட்டியையும் சேர்த்தால் வருடத்துக்கு 41% க்கு மேல். எண்களில் ஒன்றுக்குக் கழித்தல் குறி போடாவிட்டால் எக்செல் பிழை காட்டும். ஒரு பக்கம் காசு வருகிறது, மறுபக்கம் போகிறது என்பதை அந்தக் குறிதான் சொல்கிறது. அதைக் கரும்பலகையில் கோடு கீறிக் காட்டிய பிறகு கணினிக்குப் போங்கள்.

அடுத்த படி, கடன் பெற்றவர் சின்ன வெங்காயம் செய்கிறார் என்று வையுங்கள். நட்டு இரண்டு, இரண்டரை மாதம் கழித்துத்தான் கிண்டி விற்கலாம். தவணையோ முதல் மாதமே தொடங்குகிறது. விற்கும்வரை விழும் தவணைகளை எங்கிருந்து கட்டுவது? இன்னொரு கம்பனியில் எடுத்துக் கட்டுவார், அல்லது காப்பை அடைவு வைப்பார். வட்டி வீதத்தைப்போலவே தவணை விழும் நாளும் கடனாளியைச் சுழலுக்குள் இழுக்கும். காசுப் பாய்ச்சலின் காலப் பொருத்தம் என்று பாடநூல் ஒரு பத்தியில் சொல்லிப் போவது, இந்த உதாரணத்தில் உயிரோடு நிற்கும். 2018 இல் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்த பின்னணியையும் மாணவர்கள் தாமே விளங்கிக்கொள்வார்கள்.

ஒரு வேண்டுகோள். எந்தப் பிள்ளையிடமும் உங்கள் வீட்டில் எவ்வளவு கடன் என்று வகுப்பில் கேட்காதீர்கள். எண்ணை நீங்களே கொடுங்கள்.

பாடநூலில் உள்ள கழிவு வீதங்களையே (வரப்போகும் காசை இன்றைய பெறுமதிக்குக் குறைக்கும் வீதங்கள்) பயன்படுத்தலாமா?

கூடாது. 2022 ஏப்பிரல் 8 இல் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. அந்த வருடம் திறைசேரி உண்டியல் விளைவு 30% ஐத் தாண்டியது. 2024 நவம்பரில் ஓரிரவுக் கொள்கை வீதம் என்ற தனி வீதம் 8% இல் அறிமுகமானது. இந்த மூன்றும் ஒரே நாட்டில், மூன்று வருடத்துக்குள்.

பத்து இலட்சம் முதலிட்டு வருடம் மூன்று இலட்சமாக ஐந்து வருடம் வரும் திட்டத்தை 10% இல் கழித்தால் தேறிய தற்போதைய பெறுமதி (வரவுகளின் இன்றைய பெறுமதியிலிருந்து முதலீட்டைக் கழித்தது) ஏறக்குறைய 137,000 ரூபா நேர். 28% இல் கழித்தால் ஏறக்குறைய 240,000 ரூபா மறை. இங்கே மாணவர்கள் விடும் பிழை ஒன்று உண்டு, பல வங்கி மதிப்பீட்டு அறிக்கைகளிலும் அதே பிழை இருக்கிறது. பணவீக்கம் புகுந்த உயர்ந்த வீதத்தில் கழிக்கிறார்கள், காசுப் பாய்ச்சலை மட்டும் பழைய விலையிலேயே வைத்திருக்கிறார்கள். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின் பணவீக்கம் 69.8%. அந்தக் காலத்தில் விற்பனை விலை மாறாமல் நிற்குமா? வீதமும் பாய்ச்சலும் இரண்டும் பணவீக்கம் சேர்ந்ததாக இருக்கட்டும், அல்லது இரண்டும் நீங்கியதாக இருக்கட்டும்.

இறுதியாண்டு ஆய்வுக்கு மூலதனக் கட்டமைப்பும் (கடனும் சொந்தக் காசும் கலந்திருக்கும் விதம்) இலாபத்தன்மையும் என்ற தலைப்பு நல்லதா?

தலைப்பில் குற்றமில்லை. அதைச் செய்யும் விதத்தில்தான். பத்துக் கம்பனி, ஐந்து வருடம், ஐம்பது அவதானிப்பு, ஒரு இணைவுக் குணகம் (இரண்டு எண்கள் சேர்ந்து அசையும் அளவு), ஒரு பிற்செலவுச் சமன்பாடு (ரிக்ரெஷன்), கருதுகோள் ஏற்கப்பட்டது. இப்படி எத்தனையோ அறிக்கைகள் நூலகத்தில் அடுக்கி இருக்கின்றன. அவற்றிலிருந்து ஒருவரும் எதையும் அறிந்துகொள்ளவில்லை.

ஏன் என்றால், இலாபம் நன்றாக வரும் கம்பனி தன் காசிலேயே விரிவடைந்து கடனைக் குறைக்கிறது. கடன் குறைந்ததால் இலாபம் வந்ததா, இலாபம் வந்ததால் கடன் குறைந்ததா என்பதை இணைவுக் குணகம் சொல்லாது. ஐம்பது அவதானிப்பும் ஐம்பது தனி ஆட்கள் அல்ல, பத்துப் பேர் ஐந்து தடவை பேசியது. நியம வழுவை (மதிப்பீடு எவ்வளவு தளம்பும் என்ற அளவை) கம்பனி வாரியாகக் கொத்தாக்காவிட்டால் முக்கியத்துவம் பொய்யாகத் தெரியும். கொத்தாக்கினாலும் பத்துக் கொத்து போதாது.

இந்தத் தலைப்பையே செய்ய வேண்டும் என்றால், நிதிக் கம்பனிகளை விலக்கிவிட்டு மிச்ச நிரற்படுத்திய கம்பனிகள் முழுவதையும் எடுங்கள். கம்பனி, வருடம் இரண்டுக்கும் நிலைத்த விளைவு (ஒவ்வொன்றின் தனித்தன்மையைக் கழித்துவிடும் மாறி) போடுங்கள். விகிதங்களின் இரு முனையிலும் ஒவ்வொரு சதவீதத்தை மட்டுப்படுத்துங்கள் (மிதமிஞ்சிய எண்களை எல்லைப் பெறுமதிக்கு இழுத்துவிடுங்கள்), மட்டுப்படுத்தாமலும் ஒருமுறை ஓட்டி இரண்டையும் காட்டுங்கள். விளக்கும் மாறியை ஒரு வருடம் பின்தள்ளுங்கள். இதெல்லாம் காரணத்தை நிரூபிக்காது. ஆனால் அறிக்கை தான் சொல்லக்கூடியதை மட்டும் சொல்லும்.

இதைவிட எங்கள் விருப்பம் வேறு. சுன்னாகம் சந்தையில் மொத்த வியாபாரி கமக்காரருக்குக் கொடுக்கும் முற்பணம், கிராமத்துச் சீட்டில் கழிவு எப்படி விலைபேசப்படுகிறது, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக் கிராமிய வங்கியின் கடன் மீட்சி போன்றவற்றை ஒரு மாணவர் ஆறு மாதத்தில் நேரே போய்ச் சேகரிக்கலாம். கொழும்பில் இருப்பவருக்கு இது எளிதில் கிட்டாது.

கொழும்புப் பங்குச் சந்தைத் தரவில் எங்கே சறுக்கும்?

பல இடங்களில். அடிக்கடி விழும் குழிகளை மட்டும் சொல்கிறோம்.

நிதியாண்டு முதற்குழி. பெரும்பாலான கம்பனிகளின் ஆண்டு மார்ச் 31 இல் முடிகிறது, வங்கிகளின் ஆண்டு டிசம்பர் 31 இல். 2022 என்று நிரலில் எழுதி இரண்டையும் ஒரே பணவீக்க எண்ணோடு பொருத்தினால், மார்ச் 2022 இல் முடிந்த கம்பனிக்கு அது அனுபவிக்காத நெருக்கடியைச் சூட்டிவிடுவீர்கள். ஏப்பிரல் 12 இல்தான் வெளிநாட்டுக் கடன் செலுத்துகை நிறுத்தம் அறிவிக்கப்பட்டது.

அடுத்தது கணக்கீட்டு நியமம். 2012 ஜனவரி 1 முதல் சர்வதேச நியமங்களோடு ஒத்த நியமங்கள் நடைமுறைக்கு வந்தன. 2018 இல் ஒன்பதாம் நியமம் வங்கிகளின் கடன் நட்ட ஒதுக்கீட்டை மாற்றியது. 2019 இல் பதினாறாம் நியமம் குத்தகைப் பொறுப்புகளை நிதிநிலைமைக் கூற்றுக்குள் கொண்டுவந்தது. கிளைகள் பல கொண்ட சில்லறை வியாபாரக் கம்பனி ஒன்று புதிதாக ஒரு சதமும் கடன் வாங்காமலே அந்த வருடம் கடன் விகிதம் பாய்ந்து நிற்கும். அதைப் பார்த்து நெம்புகை (கடனில் தங்கியிருக்கும் அளவு) கூடியது என்று எழுதுபவர்கள் குறிப்புகளை வாசிக்கவில்லை.

துறைப் பாகுபாடும் 2020 தொடக்கத்தில் உலகப் பொதுப் பாகுபாட்டுக்கு மாறியது. அதற்கு முந்திய துறைப் பெயரையும் பிந்தியதையும் ஒரே நிரலில் வைக்க முடியாது. ஒவ்வொரு கம்பனியையும் கையால் பொருத்த வேண்டும், இரண்டு நாள் வேலை.

சந்தை மூடிய நாட்களும் உண்டு. 2020 மார்ச் 20 இலிருந்து மே 11 இல் திறக்கும்வரை வியாபாரம் இல்லை. 2022 ஏப்பிரல் 18 இலிருந்து ஐந்து வேலை நாட்கள் இல்லை. இவற்றைக் கவனியாமல் நாள் விளைவு (ஒரு நாளில் விலை மாறும் வீதம்) கணித்தால் ஏழு கிழமை மாற்றம் ஒரு நாள் மாற்றமாகப் பதியும். நிகழ்வாய்வுச் சாளரம் (ஒரு செய்தியைச் சுற்றி விலையை அளக்கும் நாட்கள்) இவற்றின்மேல் விழுந்தால் அந்த நிகழ்வைக் கைவிடுவதே நேர்மை.

எல்லாவற்றிலும் பெரியது அரிதான வியாபாரம். பல பங்குகள் நாட்கணக்கில் கைமாறாது. பழைய விலையே திரும்பத் திரும்பப் பதிய, விளைவு பூச்சியம் என்று வரும், பீற்றா (சந்தையோடு சேர்ந்து பங்கு அசையும் அளவு) கீழே சாயும். நிதியியல் ஆய்வாளர் டிம்சன் 1979 இல் காட்டிய வழியில் சந்தை விளைவின் முந்திய, பிந்திய நாட்களையும் சேர்த்து ஓட்டி, குணகங்களைக் கூட்டுங்கள். கிழமை விளைவை எடுத்தாலும் ஓரளவு சரியாகும். பங்குகளைக் கம்பனி அளவு போன்றவற்றின்படி கூடைகளாக்கும் பாமா, பிரெஞ்சு முறையில் இருபத்தைந்து கூடை பிரித்தால் சில கூடைகளில் நாலைந்து பங்குகூட மிஞ்சாது. ஆறு கூடைக்கு மேல் போகாதீர்கள்.

உரிமை வழங்கல், பங்குப் பிரிப்பு ஆகியவற்றுக்கு விலையைச் சீராக்கினீர்களா என்று கடைசியில் ஒருமுறை பாருங்கள். ஒரே நாளில் 50% விழுந்ததாகத் தெரியும் பங்கு பெரும்பாலும் விழுந்ததல்ல, பிரிந்தது.

மக்களிடம் நிதி அறிவு பற்றி வினாக்கொத்து கொடுக்கிறோம். மொழிபெயர்த்தால் போதுமா?

போதாது. நிதி அறிவு ஆய்வாளர்களான லுசார்டி, மிட்செல் இருவரும் வகுத்த மூன்று வினாக்களில் முதலாவது, 100 டொலரை வருடத்துக்கு 2% வட்டியில் ஐந்து வருடம் விட்டால் 102 ஐவிடக் கூடவா குறையவா என்று கேட்கும். இதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி ஊருக்குள் கொண்டுபோனால் என்ன நடக்கும்? இங்கே வட்டி பேசும்போது நூற்றுக்கு இரண்டு என்றால் மாதத்துக்கு இரண்டு. வருடம் என்ற சொல் வினாவில் இருந்தாலும் காதில் விழுவது நூற்றுக்கு இரண்டுதான். மாதம் 2% கூட்டுவட்டியில் வருடத்துக்கு 26.8% ஆகும். வட்டியை நன்றாகவே அறிந்த அம்மா ஒருவர் மனதில் வேறு கணக்கைப் போட்டு, 'கூட' என்ற சரியான விடையையே குறிக்கக்கூடும், அல்லது 2% க்கு யார் காசு தருவார்கள் என்று வினாவையே சந்தேகிக்கக்கூடும். இரண்டு விடையும் நீங்கள் அளக்க நினைத்ததை அளக்கவில்லை.

ஆகவே முதலில் பத்துப் பேரிடம் வினாவைக் கொடுத்து, விடையை விட்டுவிட்டு, எப்படிக் கணித்தீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். பிறகு வினாவைத் திருத்துங்கள். மாத வட்டி வினா ஒன்று, வருட வட்டி வினா ஒன்று என்று இரண்டாகக் கேட்பது நல்லது. குரொன்பாக் அல்பா (வினாக்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவு) 0.7 ஐத் தாண்டியது என்பதால் வினா சரியென்று ஆகாது. எல்லோரும் ஒரே மாதிரிப் பிழையாக விளங்கிக்கொண்டாலும் அல்பா உயரும்.

வடக்கின் நீண்டகாலக் குடும்ப வருமானத் தரவு கிடைக்குமா?

இடைவெளி உள்ளது. குடும்ப வருமான செலவின அளவீட்டில் 2006/07 இல் வட மாகாணம் இல்லை. 2009/10 இல் யாழ்ப்பாணமும் வவுனியாவும் வந்தன, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு வரவில்லை. 2012/13 இல்தான் 25 மாவட்டங்களும் சேர்ந்தன. வட மாகாணத் தொடர் என்று 2012/13 க்கு முன் போகும் எந்த வரைபடத்தையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

கட்டுரையை எங்கே வெளியிடுவது?

எழுதத் தொடங்கும் முன் மூன்று சஞ்சிகைகளைத் தெரிந்து, அவற்றில் கடந்த இரண்டு வருடத்தில் வந்த, உங்கள் கேள்விக்கு அண்மையான ஐந்து கட்டுரைகளை வாசியுங்கள். அப்படி ஐந்து இல்லையென்றால் அது உங்கள் சஞ்சிகை அல்ல. கிழமைக்குள் ஏற்றுக்கொள்கிறோம், காசு கட்டுங்கள் என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். ஆய்வுச் சஞ்சிகைகளின் தரவுத்தளமான ஸ்கோப்பஸின் பட்டியலில் இருக்கிறது என்று சஞ்சிகை தானே சொல்வதை நம்பாமல், ஸ்கோப்பஸின் தளத்திலேயே பாருங்கள். விலக்கப்பட்ட சஞ்சிகைகளின் பட்டியலும் அங்கே உண்டு. காசு கட்டி வெளியிட்ட அத்தகைய கட்டுரை பதவி உயர்வு நேரத்தில் கழிக்கப்படும், பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மாணவரின் ஆய்வறிக்கையிலிருந்து கட்டுரை எழுதினால் மாணவர் பெயர் முதலில். இதில் பேச்சுக்கு இடமில்லை.

பெரிய கம்பனிகள் இல்லாத ஊரில் தொழிற்றுறையோடு சேர்ந்து என்ன செய்யலாம்?

இங்கே தொழிற்றுறை என்றால் வங்கிகளின் பிராந்திய அலுவலகங்கள், லீசிங் கம்பனிகள், கூட்டுறவுச் சங்கங்கள், அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டையில் உள்ளவர்கள், பனை தென்னைச் சங்கங்கள், மீன் ஏற்றுமதியாளர்கள், கஸ்தூரியார் வீதி நகைக்கடைகள். மத்திய வங்கிக்கும் வட மாகாணத்தில் பிராந்திய அலுவலகம் உண்டு. இவர்களுக்கு வேண்டியது கோட்பாடல்ல, திங்கட்கிழமை காலையில் பயன்படுத்தக்கூடிய ஒரு தாள்.

கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கடன் நிலுவையைப் பார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 120,000 ரூபா கடன், மாதம் 10,000 ரூபா முதலைத் திருப்ப வேண்டும். மூன்று தவணை கட்டினார், அடுத்த இரண்டையும் கட்டவில்லை. சங்கத்துப் பேரேடு நிலுவை 20,000 என்று காட்டும், கேட்கச் சின்னத் தொகை. ஆனால் அவர் மீதம் கட்டவேண்டிய முதல் 90,000. அந்தத் தொண்ணூறும்தான் ஆபத்தில் இருக்கிறது. முப்பது நாளுக்கு மேல் தவறிய கடன்கள் எல்லாவற்றின் மீதி முதலையும் கூட்டி, மொத்தக் கடன் மீதியால் வகுத்தால் வருவது ஆபத்திலுள்ள கடன் விகிதம். முதல்முறை கணிக்கும்போது சபை உறுப்பினர்கள் அதிர்ந்துபோவார்கள். அதனால் அதைப் பொதுச்சபையில் காட்டாமல், முகாமையாளரோடும் பொருளாளரோடும் முதலில் தனியே இருந்து பாருங்கள். 30, 60, 90 நாள் என்று நிரல் பிரித்த ஒரு எக்செல் தாளைக் கொடுத்து, மூன்று மாதம் அவர்களே நிரப்பும்வரை கூட நில்லுங்கள். ஒருநாள் பயிற்சிப்பட்டறை நடத்திச் சான்றிதழ் கொடுத்துவிட்டு வந்தால் ஒன்றும் நிலைக்காது.

கடன் தரவை ஆய்வுக்குக் கேட்டால் தருவார்களா?

கிளை முகாமையாளர் விரும்பினாலும் தர முடியாது. வங்கியின் இரகசியக் காப்புக் கடமை சட்டத்தில் உள்ளது, அனுமதி கொழும்புத் தலைமையகத்திலிருந்து வரவேண்டும். மூன்று முதல் ஆறு மாதம் ஒதுக்குங்கள். கடிதத்தில் என்ன நிரல்கள் வேண்டும் என்று ஒன்றொன்றாக எழுதுங்கள்: கடன் தொகை, திகதி, தவணை, தவறிய நாட்கள், பிரதேச செயலகம், பால். பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி வேண்டாம் என்று நீங்களே எழுதினால் பாதிப் பயம் தீரும். 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதை அவர்களின் சட்டப்பிரிவு அறியும், நீங்களும் அறிந்திருக்க வேண்டும்.

சிறிய கிராமத்தில் பெயரை நீக்கினாலும் ஆள் தெரிந்துவிடும். ஒரு கிராம அலுவலர் பிரிவில் தையல் தொழிலுக்குக் கடன் எடுத்த விதவை ஒருவர்தான் என்றால், அட்டவணையின் அந்தக் கட்டமே அவர் பெயர். ஐந்து பேருக்குக் குறைந்த கட்டங்களை வெளியிடாதீர்கள். முடிவு பாதகமாக வந்தாலும் வெளியிடும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதைத் தரவு கைக்கு வருமுன் எழுத்தில் வாங்குங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

ஆலோசனைக்குக் காசு வாங்கலாமா?

பல்கலைக்கழகத்துக்கு ஊடாக, அனுமதியோடு வாங்கலாம், உரிய பங்கு பல்கலைக்கழகத்துக்குப் போகும். கைக்குக் கை வேண்டாம். காசு வாங்கிய நிறுவனத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினால் அதைக் கட்டுரையிலேயே சொல்லவேண்டும்.

இந்த வேலைகள் பதவி உயர்வில் சேருமா?

பேராசிரியர் பதவிக்கான மதிப்பீட்டில் மூன்று பகுதி உண்டு: கற்பித்தலும் கல்வி அபிவிருத்தியும், ஆய்வும் ஆக்கமும், அறிவைப் பரப்புதலும் பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்குமான பங்களிப்பும். சங்கத்து வேலை மூன்றாவதில் வரும், ஆனால் ஆதாரம் இருந்தால்தான். அழைப்புக் கடிதம், நிகழ்ச்சி நிரல், கொடுத்த தாள், நன்றிக் கடிதம் எல்லாவற்றையும் அன்றே ஸ்கான் பண்ணி வருட வாரியாகப் போட்டுவையுங்கள். ஏழு வருடச் சேவைக்குப் பிறகு கிடைக்கும் ஒரு வருட ஓய்வுக் கற்கை விடுமுறையை இப்படிச் சேர்ந்த தரவை எழுதி முடிக்கப் பயன்படுத்துபவர்கள் நன்றாக முன்னேறுகிறார்கள்.

உறவினர்கள் காசை எங்கே போடலாம் என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

கனடாவிலிருந்து மகன் அனுப்பிய காசை வைத்துக்கொண்டு மாமி ஒருவர் கேட்கும்போது, நான் ஆய்வாளர், ஆலோசனை சொல்லமாட்டேன் என்று ஒதுங்குவது சரியல்ல. ஆனால் இந்தப் பங்கை வாங்குங்கள் என்று சொல்வதும் உங்கள் வேலையல்ல, முதலீட்டு ஆலோசனைக்கு உரிமம் வேண்டும். சரிபார்க்கக் கற்றுக்கொடுங்கள். காசைக் கேட்கும் நிறுவனம் மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகள் பட்டியலில் இருக்கிறதா? ஆளைச் சேர்த்தால் காசு என்கிற திட்டம் பிரமிட் திட்டம், இலங்கைச் சட்டத்தில் அது தடை. உரிமம் பெற்ற நிறுவனத்திலும் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபாவரைதான். முப்பது இலட்சத்தை வட்டி கூடத் தரும் ஒரே நிதிக் கம்பனியில் போட்டால் பத்தொன்பது இலட்சம் காப்புக்கு வெளியே நிற்கிறது. மூன்று நிறுவனங்களில் பத்துப் பத்தாகப் பிரித்தால் முதல் முழுவதும் உள்ளே வந்துவிடும். கூட்டுறவுச் சங்கத்து வைப்புக்கு இந்தக் காப்புறுதி இல்லை என்பதையும், சங்கத்தில் உள்ளவர்களை நன்றாகத் தெரிந்திருந்தாலும், சேர்த்தே சொல்லுங்கள்.